சூரியன் இல்லாத ஊரில் ஒரு பொங்கல்

ஜனவரி 9, 2023, திங்கள் – ட்ரொம்சோ

சாயங்காலம் நாலு மணிக்கு விமானம் இறங்கியது. வெளியே நடுச்சாமம் போல இருட்டு. ஓடுபாதை விளக்குகள், அதற்கப்பால் வெள்ளையாகக் கொஞ்சம் மலை, அவ்வளவுதான் தெரிந்தது.

ட்ரொம்சோ நார்வேயின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்திலிருந்து சுமார் 350 கிலோமீட்டர் மேலே இருக்கும் தீவு நகரம். நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் தொடுவானத்துக்கு வரும். அண்ணன் மகள் இங்கே பல்கலைக்கழகத்தில் மீன்வளம் படிக்கிறாள். வீட்டில் அவளைப் பாப்பு என்றுதான் கூப்பிடுவோம். அக்டோபர் வரை தினம் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, நவம்பர் பாதியில் "நல்லா இருக்கேன் அத்தை" என்று மூன்று வார்த்தையில் போனை வைக்க ஆரம்பித்தாள். வீடியோவில் பேசச் சொன்னால் நெட் சரியில்லை என்பாள். டிசம்பரில் குரல் கொஞ்சம் தெளிந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அண்ணனுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால், வங்கி வேலையில் சேர்த்து வைத்திருந்த லீவைப் போட்டுவிட்டு நான் கிளம்பினேன்.

நான் வந்துவிட்டேன், பெட்டி வரவில்லை. மூன்று விமானம் மாறியதில் எங்கேயோ நின்றுவிட்டது. எங்கள் ஊர் கோபியில் பார்த்துப் பார்த்து வாங்கிய தெர்மல், பூட்ஸ், அண்ணி சுட்டுக் கொடுத்த தேன்குழல், பருப்புப்பொடி, வெல்லம் எல்லாம் அதற்குள். கவுண்டரில் இருந்த பையன் நம்பர் எழுதிக் கொடுத்தான். "நாளை வரலாம்" என்றான்.

உடம்பில் இருந்தது ஒரு ஸ்வெட்டரும் சால்வையும். வெளியே மைனஸ் ஆறு. பாப்பு தன் ஜாக்கெட்டைக் கழற்ற, நான் வேண்டாம் என்று இழுக்க, பின்னால் நின்ற ஒரு பெண்மணி தன் பையிலிருந்து கம்பளித் தொப்பி ஒன்றை எடுத்து என் தலையில் மாட்டிவிட்டார். காதை மூடி இழுத்தும் விட்டார். சிரிக்கக்கூட இல்லை. எப்படித் திருப்பித் தருவது என்று பாப்பு கேட்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது.

ஜனவரி 10, செவ்வாய்

பாப்பு குடியிருப்பது ஒரு மரவீட்டின் கீழ்த்தளம். மேலே வீட்டுக்காரம்மா தனியாக இருக்கிறார். வயது எழுபத்தாறு. காலையில் கதவைத் தட்டினார். கையில் கம்பளி உள்ளாடை, முழங்கால் வரை வரும் காலுறை, பழைய பூட்ஸ், பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் பட்டை. எல்லாவற்றையும் நாற்காலியில் வைத்துவிட்டு, என்னைக் குனியச் சொல்லாமல் அவரே முழங்காலிட்டு அந்தப் பட்டையை மாட்டிக் காட்டினார். எழுபத்தாறு வயதுக்காரர் என் காலடியில் உட்கார்ந்ததில் எனக்குப் பதறிப்போனது. அவர் நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. ரப்பர் சரியாக இழுத்திருக்கிறதா என்று சுண்டிப் பார்த்தார், எழுந்தார், போய்விட்டார்.

மதியம் கடைக்குப் போனோம். முன்பு பெய்த மழை உறைந்து தெரு முழுக்கக் கண்ணாடியாகக் கிடந்தது. கடலில் வெந்நீரோட்டம் வருவதால் இந்த அட்சரேகைக்கு ட்ரொம்சோவில் குளிர் குறைவு. அதனாலேயே பனி உருகி உருகி மறுபடி உறைகிறது. அந்த முள் பட்டை இல்லாமல் இருந்திருந்தால் என் இடுப்பு அங்கேயே முடிந்திருக்கும்.

விலையைக் கேட்காதீர்கள். ஒரு குரோன் எட்டு ரூபாய் சொச்சம். காபி 45 குரோன். பத்துக் காம்பு கறிவேப்பிலை 30 குரோன். பாப்பு இரண்டு வருஷமாகப் பெருக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டாளாம். "பெருக்கிட்டே இருந்தா பட்டினிதான் அத்தை."

ஜனவரி 11, புதன்

இருட்டு என்றால் இருபத்து நாலு மணி நேரமும் கரிய இருட்டு என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அப்படியில்லை. காலை ஒன்பதரைக்கு மேல் வானம் நீலமாகிறது. நம் ஊரில் எந்த வேளையிலும் நான் பார்க்காத நீலம், பனி மேலும் அதே நீலம். பதினொன்றரைக்குத் தெற்கே மலைக்குப் பின்னால் செம்மஞ்சள் கோடு விழும். சூரியன் அங்கேதான் இருக்கிறது, ஏறி வரவில்லை. இரண்டு மணிக்கு மறுபடி நீலம், மூன்றரைக்கு எல்லாம் முடிந்தது.

பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்காரம்மா படியிறங்கி வந்து ஜன்னலைத் தட்டினார். பாப்பு உடனே பூட்ஸ் போட்டாள். தினமும் இந்த நேரத்துக்கு இரண்டு பேரும் நடக்கப் போவார்களாம். நானும் ஒட்டிக்கொண்டேன். மேட்டின் மேல் பிரெஸ்ட்வான் என்ற ஏரி முழுக்க உறைந்து கிடந்தது. அதைச் சுற்றி நடை. பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளும் அப்பாக்கள், நாயோடு வரும் கிழவர்கள், பனிச்சறுக்குக் கட்டைகளில் போகிறவர்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. பஸ்ஸில்கூட இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் ஒருவர் இருந்தால் அடுத்தவர் நின்றுகொண்டே வருவார். முதலில் எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

வேலிக் கம்பு ஒன்றில் குழந்தையின் சிவப்புக் கையுறை மாட்டியிருந்தது. கட்டைவிரல் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் மரக்கிளையில் இன்னொரு கையுறை, பெரியவருடையது. கீழே விழுந்து கிடப்பதைப் பார்க்கிறவர்கள் எடுத்து, உதறி, தொலைத்தவர் கண்ணில் படும் உயரத்தில் மாட்டிவிட்டுப் போவார்களாம். ஈரம் இறங்காமல் இருக்க விரல்பக்கம் மேலே வரும்படி. யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது.

ராத்திரி பாப்பு பேசினாள். அடுப்பில் ரசம் கொதிக்கும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நவம்பரில் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாளாம். திரைச்சீலையைத் திறப்பதில்லை, விளக்குப் போடுவதில்லை, பகலா இரவா தெரியாமல் படுத்துக் கிடந்திருக்கிறாள். இந்த ஊரில் இருள் காலத்தில் எல்லா வீட்டு ஜன்னலிலும் ஒரு சின்ன விளக்கு எரியும். டிசம்பர் வந்தால் கூடவே நட்சத்திர விளக்கும். மாடிப்படி இறங்கும்போது வீட்டுக்காரம்மா கீழ் ஜன்னலைக் கவனித்திருக்கிறார். நாலு நாள் இருட்டாகவே இருந்திருக்கிறது. ஐந்தாம் நாள் கதவைத் தட்டி, ஒரு மேசைவிளக்கையும் மீன் சூப்பையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, விளக்கை அவரே ஜன்னலில் நிறுத்தி ப்ளக்கைச் சொருகினாராம்.

"என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலைங்கத்தை. நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு ரெடியா இருன்னு மட்டும் சொன்னாங்க."

மறுவாரம் அவரே பல்கலைக்கழக மாணவர்களுக்கான ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். வாசலில் உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டு காத்திருந்தாராம்.

கோபியில் இருந்து நான் தினம் போன் செய்துகொண்டிருந்தேன். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் மாடிப்படியில் நின்று ஜன்னலைப் பார்க்க ஒரு ஆள் இருந்திருக்கிறார். அந்தம்மாவை என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன்.

ஜனவரி 13, வெள்ளி

பெட்டி இன்னும் வரவில்லை. போன் செய்தால் பாட்டுப் போடுகிறார்கள்.

வீட்டுக்காரம்மா சாப்பிடக் கூப்பிட்டார். ஜனவரியில் முட்டையிடுவதற்காக பாரன்ட்ஸ் கடலிலிருந்து வரும் பெரிய காட் மீனுக்கு ஸ்க்ரெய் என்று பெயர். அதை வெறும் உப்புத் தண்ணீரில் வேகவைத்து, கூடவே அதன் ஈரலும் சினையும், வேகவைத்த உருளைக்கிழங்கும். மஞ்சளில்லை, மிளகாயில்லை. ஈரல் வாடை முதலில் குமட்டியது. மீன் சதையோ இதழ் இதழாகப் பிரிந்து வந்தது. வடக்கே வெயில் இல்லாத மாதங்களில் வைட்டமின் டி இந்த ஈரலிலிருந்துதான் காலகாலமாகக் கிடைத்திருக்கிறது. இன்றைக்கும் காலையில் ஒரு கரண்டி மீன் எண்ணெய் குடிக்கிறார்கள். பாப்புவுக்கும் ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

கடைசியில் வாஃபிளும் மேலே பழுப்புப் பாலாடைக்கட்டியும். அசல் திரட்டுப்பால் ருசி, ஒரு கல் உப்புப் போட்டால் எப்படியோ அப்படி. நான் நாலு தின்றேன்.

சாப்பிட்டுக்கொண்டே தன் அம்மா கதையைச் சொன்னார், பாப்பு மொழிபெயர்த்தாள். அம்மா ஹம்மர்ஃபெஸ்ட்காரர், இங்கிருந்து இன்னும் வடக்கே. 1944 அக்டோபரில் சோவியத் படை கிழக்கே கிர்க்கெனெஸைப் பிடித்ததும், பின்வாங்கிய ஜெர்மன் ராணுவத்துக்கு ஹிட்லர் உத்தரவு போட்டார்: வடகோடி மாவட்டமான ஃபின்மார்க் முழுக்க, அடுத்த மாவட்டமான ட்ரொம்ஸின் வடபகுதியிலும், ஜனங்களைக் கிளப்பிவிட்டு எல்லாவற்றையும் கொளுத்து. சுமார் 50,000 பேரை வீட்டைவிட்டு விரட்டினார்கள். அதே இருட்டு மாதத்தில். அம்மா தையல் மிஷினின் தலையை மட்டும் கழற்றி ரஜாயில் சுற்றிக்கொண்டு மீன்பிடிப் படகில் ட்ரொம்சோ வந்து சேர்ந்தார். நகரமே அகதிகளால் நிறைந்திருந்தது. முன்பின் தெரியாத ஒரு குடும்பம் தங்கள் சமையலறையில் பாதியைக் கொடுத்தது. ஐந்து பேர் இருந்த வீடு. வாடகை எவ்வளவு என்று அம்மா கேட்டாராம்.

"குளிர் உள்ளே வருது, கதவைச் சாத்துன்னாங்களாம். அதுதான் பதில்."

அந்த மிஷின் இன்னும் அவர் அறையில் இருக்கிறது. கறுப்பு இரும்பில் பொன் எழுத்து பாதி தேய்ந்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன்.

ஜனவரி 15, ஞாயிறு – தைப்பொங்கல்

கணக்குப்படி இன்றுதான் ட்ரொம்சோவில் சூரியன் திரும்பும் நாள். ஆனால் தெற்கே மலைகள் மறைப்பதால் ஊருக்குள் தெரிய 21 ஆகும். தை முதல் நாள் சூரியனுக்குப் பொங்கல் வைக்க வேண்டும், சூரியனோ மலைக்குப் பின்னால்.

பாப்புவுக்கு ஆசியக் கடையில் கறிவேப்பிலை வாங்கும்போது பழக்கமான யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. அக்கா மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறார், அண்ணன் பஸ் ஓட்டுகிறார். "வாங்கோ, வாங்கோ. உங்கட பிள்ளைதான் எங்கட பிள்ளை" என்று வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார் அக்கா.

அவர்கள் நார்வே வந்தது எண்பதுகளின் கடைசியில். ஃபின்மார்க் கரையோரக் கிராமங்களில் மீன் வெட்டும் தொழிற்சாலைகளுக்கு ஆள் கிடைக்காமல் இருந்த காலம். உள்ளூர் இளைஞர்கள் தெற்கே போக, அந்த இடத்தை இலங்கைத் தமிழர்கள் பலர் நிரப்பினார்கள். நாள் முழுக்க ஈரத்தில் நின்று மீன் அரிகிற வேலை.

"முதல் வருசம் ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்லை, சூரியன் வராது எண்டு" என்றார் அண்ணன். "விடியும், விடியும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தம். ஒரு கிழமை போச்சு."

"அப்ப எங்களுக்குப் பாஷையும் தெரியாது" என்றார் அக்கா. "பக்கத்து வீட்டு மனுசி ஒருநாள் வந்து கம்பளிக் கையுறை ரெண்டு சோடி மேசையில வச்சிட்டுப் போட்டா. ஒண்டும் பேசேல்லை. பிறகு பாத்தா, ஒவ்வொரு வருசமும் பிள்ளையளின்ர கை அளவுக்குப் பின்னிக் கொண்டு வருவா. நாங்கள் இஞ்ச மாறி வரேக்கதான் அவ அழுது பாத்தனாங்கள்."

பொங்கல் வீட்டுக்குள் வைத்தால் புகை அலாரம் அலறும். அதனால் பின்பக்க முற்றத்தில், பனியில். முற்றத்தை மிதித்து மிதித்துக் கெட்டியாக்கி, அதன்மேல் அக்கா கோலம் போட்டார். வெள்ளைப் பனியில் வெள்ளை மாவு தெரியுமா? மஞ்சள்தூளில் போட்டார். தெற்குப் பார்த்து மூன்று கால் இரும்புத் தட்டு, அதன்மேல் பானை. கடையில் வாங்கிய பச்சை மஞ்சள் கிழங்கை நூலில் கட்டியிருந்தார்கள். கரும்பு கிடைக்கவில்லை.

விறகு நனைந்திருந்தது, பிடிக்கவில்லை. மைனஸ் எட்டில் அண்ணன் ஊதி ஊதிக் களைத்துப் போனார். வேலிக்கு அந்தப் பக்கம் காரிலிருந்து பனியைச் சுரண்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போனார். கையணை நிறையக் காய்ந்த பிர்ச் விறகோடு வந்தார். இடுப்புக் கத்தியை எடுத்து மரப்பட்டையைச் சுருள் சுருளாக உரித்தார். காகிதம் போல மெல்லிசாக வந்தது. விறகு ஒன்றை விரல் மொத்தத்துக்குப் பிளந்து குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பட்டைக்கு ஒரே ஒரு தீக்குச்சி. பட்டையில் எண்ணெய்ப் பசை இருக்கிறது, கறுப்புப் புகையோடு குப்பென்று பற்றியது. தீ நிலைத்ததும் எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு, ஓரமாக நின்றார். போகவில்லை.

பதினொன்றே முக்காலுக்குத் தெற்கு வானம் சிவந்தது. மலை விளிம்பு மட்டும் தங்கமாக எரிந்தது. இங்கே பால் நுரை கட்டி ஏறிக்கொண்டிருந்தது. குளிருக்கு ஏறுவதும் இறங்குவதுமாகப் போக்குக் காட்டிற்று. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். ஒரு வழியாக வழிந்து இரும்பில் சுரீர் என்றது. "பொங்கலோ பொங்கல்!" அந்த நார்வேக்காரரும் சேர்ந்து கத்தினார். தப்பாகத்தான் கத்தினார், எங்கள் எல்லாரையும்விட சத்தமாக.

தெற்கே பார்த்துக் கும்பிட்டேன். எத்தனையோ பொங்கலுக்குச் சூரியனைக் கும்பிட்டிருக்கிறேன், அப்பா வைத்த வரிசைப்படி, பழக்கத்தில். தெரியாத சூரியனை வேண்டியது இதுதான் முதல் தடவை. பாப்பு பக்கத்தில் நின்று கண்ணை மூடியிருந்தாள். கன்னம் தீ வெளிச்சத்தில் சிவந்திருந்தது. தேறியிருக்கிறாள் பிள்ளை, நவம்பரில் பார்த்த போட்டோவுக்கு இப்போது சதை பிடித்திருக்கிறது.

ஜனவரி 17–18, ஹம்மர்ஃபெஸ்ட்

வீட்டுக்காரம்மா சொன்னதிலிருந்து போய்ப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. சாயங்காலம் கரையோரக் கப்பல் ஏறினால் விடிகாலை அங்கே. அப்படித்தான் அட்டவணை சொன்னது. ராத்திரி லொப்பா கடலில் காற்று புரட்டியெடுத்துவிட்டது. திறந்த கடல், மறைப்புக்குத் தீவில்லை. மேசைமேல் இருந்த கிண்ணம் அந்தக் கோடிக்குச் சறுக்கிப் போனது. நான் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த மீனவர் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு, கப்பலின் நடுப்பக்கம் கீழ்த்தளத்துக்கு என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார். அங்கே ஆட்டம் குறைவு. மூன்று மணி நேரம் தாமதமாக, எட்டே காலுக்குச் சேர்ந்தோம். இருட்டுதான்.

இங்கே போருக்குப் பிந்தைய மறுகட்டுமானத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஹம்மர்ஃபெஸ்ட் நகரம் முழுவதும் எரிந்தது. நின்றது ஒரே ஒரு கட்டடம், 1937-ல் கட்டிய இடுகாட்டுத் தேவாலயம். போய்ப் பார்த்தோம். சின்னதாக, வெள்ளையாக, பனிக்குள் பாதி புதைந்து இருக்கிறது.

விரட்டப்பட்டவர்கள் தவிர ஆயிரக்கணக்கானோர் போக மறுத்து ஒளிந்துகொண்டார்கள். கிர்க்கெனெஸ் பக்கம் சுமார் 3,500 பேர் சுரங்கத்துக்குள் குடியிருந்தார்கள், குழந்தைகளும் அங்கேயே பிறந்தன. எதிரே இருக்கும் சோரோயா தீவில் குகைகளில். அந்தக் குளிர்காலத்தில் கைக்குழந்தைகளோடு. 1945 பிப்ரவரியில் நேசநாட்டுப் போர்க்கப்பல்கள் வந்து சுமார் 500 பேரை ஏற்றிக்கொண்டு போயின. போர் முடிந்ததும், திரும்பி வராதீர்கள், வீடில்லை என்று அரசாங்கம் சொல்லியும் ஜனங்கள் வந்தார்கள். கவிழ்த்த படகுக்கடியில், புல்மண் குடிசையில் இருந்துகொண்டு ஊரை மறுபடி கட்டினார்கள். பழைய வீடு என்று ஒன்றுகூட இந்த ஊரில் ஏன் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று வரிசையாக நிற்பவை எல்லாம் திரும்பி வந்தவர்கள் கட்டியவை. எல்லா ஜன்னலிலும் விளக்கு.

காட்சியகத்தில் சமையல் பாத்திரங்கள் இருந்த பெட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். திரும்புகிற கப்பலுக்கு ஓட வேண்டியதாகிவிட்டது.

ராத்திரி திரும்பும்போது மேல்தளத்தில் அரோராவின் பச்சை ஒளி தெரிகிறது என்று அறிவித்தார்கள். பார்த்தோம். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஜனவரி 20, வெள்ளி

பெட்டி வந்துவிட்டது! நாளைக்கு மறுநாள் நான் கிளம்புகிறேன். ஒரு சக்கரம் போய்விட்டது. தேன்குழல் பாதி தூள். தெர்மலைத் தொடவே இல்லை, வீட்டுக்காரம்மாவின் கம்பளியே போதும். தூளைப் பாப்பு எடுத்துக்கொண்டாள், முழுசானவை டப்பா டப்பாவாக அக்கம்பக்கத்துக்கு. விறகுக்காரருக்கு ஒரு டப்பா கூடுதல்.

ஜனவரி 21, சனி – சூரிய நாள்

ஊரே ஜாம் வைத்த சூரிய பன் வாங்க வரிசையில் நின்றது. ஒன்று 40 குரோன், மேலே மஞ்சள் பாகு பூசியிருக்கிறார்கள். பிள்ளைகள் முகத்தில் மஞ்சள் சாயம். வானத்தில் மேகம் அப்பிக் கிடந்தது, சூரியன் தெரியவில்லை. யாருக்கும் அதைப் பற்றிக் குறையில்லை. பனியில் நின்று பன் தின்றார்கள், காபி குடித்தார்கள், இந்த ஊரில் இதுவரை நான் பார்க்காத விதமாக ஒருவரோடொருவர் பேசினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தாத்தா எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டார். "முதல் சூரிய நாளா?" என்று கேட்டாராம், பாப்பு சொன்னாள்.

மத்தியானம் மூவரும் மேல்மாடியில் சாப்பிட்டோம். இன்று என் சமையல். சாம்பார் அவருக்குக் காரம் தாங்கவில்லை, தண்ணீர் தண்ணீராகக் குடித்தார். பருப்புப்பொடியை மட்டும் முகர்ந்து பார்த்தார். வேகவைத்த உருளைக்கிழங்கை முள்கரண்டியால் மசித்து, வெண்ணெய் ஒரு கட்டி வைத்து, மேலே ரெண்டு கரண்டி பொடியைத் தூவிப் பிசைந்து சாப்பிட்டார். இன்னொரு உருளைக்கிழங்கு எடுத்தார். அப்புறம் இன்னொன்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நோட்டும் பேனாவும் கொண்டுவந்து என் முன்னால் உட்கார்ந்தார்.

துவரம்பருப்பு எவ்வளவு நேரம் வறுக்கணும், பூண்டைத் தோலோடயா உரிச்சா, மிளகாய் எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பாப்பு மொழிபெயர்த்தாள். மிளகாய் பத்து என்றேன்.

"ரெண்டுன்னு சொல்லிக்கிறேன் அத்தை" என்றாள் பாப்பு.